பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பழைய கொடுமைகளை எப்படிச் சொல்வது?

கரும்பலகை:

பதினொரு ஆண்டுகளாக வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். போன மாதம் நாஜி வதைமுகாம்கள் பற்றிய பாடம் வந்தது. புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான். அது போதாது என்று தோன்றியதால், 1945ல் நேச நாட்டுப் படைகள் முகாம்களுக்குள் நுழைந்தபோது எடுத்த படச்சுருளிலிருந்து இருபது நிமிடம் போட்டுக் காட்டினேன்.

உடல்கள் குவிந்து கிடக்கும் காட்சி வந்ததும் இரண்டு பெண்பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். கோபத்தில் அவனை வெளியே அனுப்பிவிட்டேன். மறுநாள் அவனே வந்து, "முகத்தை எப்படி வெச்சுக்கிறதுன்னு தெரியல மிஸ், அதான் சிரிப்பு வந்திடுச்சு" என்றான். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

இன்னொரு மாணவி நேராகவே கேட்டாள்: "இதையெல்லாம் நாங்களா செஞ்சோம்? எங்ககிட்ட ஏன் காட்டுறீங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. எனக்கே அந்தப் பதில் போதவில்லை.

நடந்து முடிந்த பெரிய அநீதிகளைப் பற்றி இளையவர்களோடு பேசிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். எந்த நாட்டு வரலாறாக இருந்தாலும் சரி. பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதுதான் எனக்கு வேண்டும்.

---

பழந்தாள்:

ஆவணக் காப்பகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் பிள்ளைகள் குழுவாக வருவார்கள், அவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் என் வேலையாக இருந்தது.

கரும்பலகை, அந்தப் பையன் மேல் தவறில்லை. உங்கள் மனசும் நல்ல மனசுதான். ஆனால் பிணக்குவியலில் தொடங்கியிருக்கக் கூடாது. யார் என்றே தெரியாத ஒருவரின் பிணத்தைப் பார்த்து ஒரு பிள்ளை துக்கப்பட முடியாது. பயப்படலாம், அருவருப்பு வரலாம், சிரிப்பும் வரலாம். துக்கம் வர அந்த ஆளை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் 1976ல் பாய்டல்ஸ்பாஹ் என்ற சிற்றூரில் அரசியல் கல்வி ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து மூன்று விதிகள் வந்தன. முதல் விதி, மாணவனை உணர்ச்சியால் அமுக்கி ஒரு முடிவுக்குத் தள்ளக் கூடாது என்பது. நல்ல முடிவாக இருந்தாலும் கூடாது. இரண்டாவது, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். மூன்றாவது, தன் நிலையிலிருந்து தானே அலசிப் பார்க்கும் திறன் மாணவனுக்குக் கிடைக்க வேண்டும். ஜெர்மானிய ஆசிரியர்கள் இன்றும் இதைச் சொல்லித்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகத்திலும் ஆசிரியர் பயிற்சியில் இதே போன்ற பேச்சு உண்டு. பிள்ளையைப் பத்திரமாக உள்ளே கூட்டிப் போ, பத்திரமாக வெளியே கூட்டி வா என்பார்கள். நீங்கள் உள்ளே கூட்டிப் போனீர்கள், மணி அடித்துவிட்டது. வெளியே கூட்டி வரவில்லை.

நான் எப்போதும் ஒரு சின்னப் பொருளிலிருந்துதான் தொடங்குவேன். நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் நினைவாக ஐரோப்பியத் தெருக்களில் பதித்திருக்கும் இடறுகற்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992ல் கொலோன் நகரில் தொடங்கி வைத்தது. பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், முடிவு. அவ்வளவுதான். 2023ல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பல கற்களுக்குப் பின்னால் பள்ளி மாணவர்களின் தேடல் இருப்பதுதான். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எந்த ரயிலில் ஏற்றினார்கள் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் "அழு" என்று சொல்வதில்லை. வேலைதான் கொடுக்கிறார்கள்.

---

எதிர்க்காற்று:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்குள் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நினைவு நல்லது என்று ஏன் இவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்கிறோம்? நான் வளர்ந்த வீட்டில் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு "அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்" என்ற கதை வரும். என் தாத்தா பட்டது உண்மை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்து வயதில் நான் பார்த்தே இராத மனிதர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டேன். "நாம் அவர்களுக்கு என்ன செய்தோம்" என்ற கதை அந்த வீட்டில் ஒரு நாளும் வரவில்லை. அப்படி ஒரு கதை இருந்தது என்பதே எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரியும்.

அந்த மாணவியின் கேள்வி திமிர்க் கேள்வி இல்லை. எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்கிறாள். இளையவர்களுக்கு மறக்கும் உரிமையும் இருக்கிறது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தபின் 1977ல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு, பழையதைக் கிளற வேண்டாம் என்று கட்சிகள் ஒத்துக்கொண்டன. இன்னொரு உள்நாட்டுப் போர் இல்லாமல் மக்களாட்சிக்கு வந்தார்கள். அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

---

நாடோடி:

எதிர்க்காற்று அண்ணா, உங்கள் வீட்டுக் கதை மனசைத் தொட்டது. ஆனால் ஸ்பெயின் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தை உடைத்தது யார்? பேரப்பிள்ளைகள். 2000ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையாளர் தன் தாத்தாவைத் தேடிப் போய், சாலையோரப் பள்ளத்தில் 1936ல் உள்நாட்டுப் போரின்போது சுட்டுப் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்தார். அதற்குப் பிறகு நாடு முழுக்கக் குழிகளைத் திறந்தார்கள். 2007லும் 2022லும் சட்டமே வந்தது. மறந்துவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

அர்ஜென்டினாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், அங்கே இரண்டு ஆண்டு இருந்தேன். 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆட்களைக் காணாமல் ஆக்கினார்கள். பிடித்துப்போன கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, குழந்தையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் தாயைக் கொன்றார்கள். அப்படிப் பறிபோன குழந்தைகள் ஐந்நூறு பேர் இருக்கலாம் என்பது மே சதுக்கப் பாட்டிமார் அமைப்பின் கணக்கு. 1977லிருந்து தேடுகிறார்கள். இதுவரை 130 பேருக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். மரபணுச் சோதனைக்கென்றே 1987ல் தேசிய மரபணுத் தரவு வங்கி அமைத்தார்கள்.

அங்கே ஓர் இளைஞனிடம் போய் "இது உன் கதை இல்லை" என்று சொல்லவே முடியாது. அந்தப் பாட்டிமார் விளம்பரத்தில் கேட்பதே, "நீ யார் என்று உனக்குச் சந்தேகம் இருக்கிறதா?" என்ற பொருளில்தான். தெருவில் போகும் எவரும் அந்தப் பேரனாக இருக்கலாம்.

கரும்பலகை அக்கா, உங்களுக்கு நேராகப் பயன்படுவது இன்னொன்று. புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் 2002 முதல் 'இளைஞரும் நினைவும்' என்ற பொருளில் ஒரு திட்டம் நடக்கிறது. நடத்துவது மாகாண நினைவு ஆணையம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் வட்டாரத்தில் நடந்த ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து ஓர் ஆண்டு முழுக்கத் தேடுவார்கள். குறும்படமோ நாடகமோ சுவரோவியமோ செய்து, ஆண்டுக் கடைசியில் சப்பாத்மலால் என்ற கடற்கரை ஊரில் ஆயிரக்கணக்கில் கூடி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். தலைப்பு ராணுவ ஆட்சியோடு நின்றுவிடுவதில்லை. இன்றைய போலீஸ் அடாவடி, குடியிருப்பிலிருந்து விரட்டுவது, ஆற்றில் கலக்கும் நஞ்சு என்று பிள்ளைகள் தங்கள் காலத்துக்கே வந்துவிடுவார்கள். பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்காது, நினைவை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றியது. நேற்று நடந்ததை வைத்து இன்று நடப்பதைக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு நேற்று நன்றாகவே புரிந்திருக்கிறது.

---

மின்மினி:

எனக்கு வயது 19. இவ்வளவு நேரம் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களில் ஒருத்தியும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் எங்களையும் நினைவிடத்துக்குக் கூட்டிப் போனார்கள். செல்ஃபி எடுத்தோம், திட்டு வாங்கினோம். இன்றைக்கும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெரியவர்கள் மலர்வளையத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டால் அஞ்சலி, நாங்கள் எடுத்தால் அவமரியாதையா? என் தோழி அந்தப் படத்தைப் போட்டு, கீழே நீளமாக எழுதியிருந்தாள். அதை யாரும் படிக்கவில்லை.

எங்களுக்குச் சலிப்பு வருவது விஷயத்தால் இல்லை. முடிவு முன்பே தெரிந்திருப்பதால்தான். கடைசியில் "இனி இப்படி நடக்கவே கூடாது" என்று கட்டுரை எழுத வேண்டும், பத்து மதிப்பெண். நடந்துகொண்டுதானே இருக்கிறது? கைப்பேசியில் தினமும் பார்க்கிறோம். வகுப்பில் அதைக் கேட்டால், பாடத்துக்கு வா என்கிறார்கள்.

சரி, என்னை மாற்றியது எது என்று சொல்கிறேன். கல்லூரி முதலாண்டில் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. சயாம் மரண ரயில் பற்றிய பதிவுகள். 1942, 43ல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகளைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. ஆனால் அங்கே அதிகம் செத்தவர்கள் ஆசியக் கூலிகள். மலாயாவிலிருந்து போன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள். அவர்களில் இறந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்தை நெருங்கும் என்ற மதிப்பீடுகள் உண்டு. பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காகக் கிடையாது.

ஒரு பாட்டி தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். லாரியில் ஏற்றினார்கள், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார் என்றார். அத்தோடு நின்றுவிட்டார். நாற்பத்தோரு விநாடி. பின்னணியில் மின்விசிறிச் சத்தம் மட்டும். தட்டச்சு விதிப்படி அங்கே 'மௌனம், 41 விநாடி' என்று போட வேண்டும். அந்த 41ஐச் சரிபார்க்க மூன்று முறை திரும்பக் கேட்டேன். அன்று இரவு தூங்கவில்லை. இத்தனைக்கும் யாரும் எனக்கு ஒரு பிணத்தைக்கூடக் காட்டவில்லை.

---

சுவடு:

மின்மினி, நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அந்த மௌனத்தை எண்ணி எழுத வேண்டும் என்ற விதியை வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வாய்மொழி வரலாறு பதிவு செய்யும் வேலையில் நானும் இருக்கிறேன். ஆர்வக்கோளாறில் ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "போய் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐம்பது ஆண்டுகள் மூடி வைத்ததை ஒரு சிறுமி கைப்பேசியை நீட்டித் திறந்துவிடுவாள். பிறகு அவளாலும் மூட முடியாது, பாட்டியாலும் முடியாது. எங்கள் குழுவிலேயே ஒரு முறை அப்படி ஆகி, ஒரு பெரியவர் இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் நேரில் போய், எதற்காகக் கேட்கிறோம், யார் கேட்பார்கள், எங்கே வைப்போம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த நிமிடமும் நிறுத்தலாம், பின்னால் மனம் மாறினால் அழிக்கச் சொல்லலாம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சந்திப்பில் கருவியையே வெளியில் எடுக்கக் கூடாது. கொடுமை நடந்த நாளைக் கேட்காமல் அதற்கு முந்தைய வாழ்க்கையைக் கேளுங்கள்: என்ன விளையாடினீர்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள். அவரே அந்த நாளுக்கு வந்தால் வரட்டும். வராமல் போனால் அதுவும் ஒரு பதிவுதான். முடிந்ததும் எழுந்து ஓடிவிடாமல் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து வேறு பேச்சுப் பேசிவிட்டு வர வேண்டும். மறு வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஹிரோஷிமாவில் மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியின் ஓவிய மாணவர்கள் 2007 முதல் செய்துவரும் வேலைதான் எனக்கு முன்மாதிரி. அணுகுண்டிலிருந்து பிழைத்த ஒருவரோடு ஒரு மாணவர் சேர்ந்துகொள்கிறார். அந்தப் பெரியவர் மனதில் நிற்கும் ஒரே ஒரு காட்சியை மாணவர் எண்ணெய் வண்ணத்தில் வரைய வேண்டும். பல மாதம் எடுக்கும். திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். வானம் அந்த நிறம் இல்லை, அந்தப் பெண்ணின் கை இப்படி இருந்தது என்று பெரியவர் திருத்துவார், பிள்ளை மீண்டும் தீட்டும். சொல்ல வார்த்தை கிடைக்காததை அவர் அங்கே நிறத்தைத் திருத்திச் சொல்கிறார். மாணவருக்கும் கேட்டுவிட்டுப் போய்விட முடியாது, ஏனென்றால் தூரிகை அவர் கையில் இருக்கிறது.

---

எதிர்க்காற்று:

நாடோடி சொன்ன ஸ்பெயின் திருத்தம் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நிற்கிறீர்கள். என் கவலை வேறு. செய்தவரின் பேரனும் பட்டவரின் பேத்தியும் ஒரே பெஞ்சில் இருந்தால்? கம்போடியாவில் அதுதான் நிலை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். செய்தவர், பட்டவர் என்ற பிரிவுகள் ஊருக்கு ஊர், சில இடங்களில் ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பள்ளிப் புத்தகங்கள் பல ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி முறையான பாடநூல் வந்தது 2007ல்தான். பெற்றோர் சொன்னதைப் பிள்ளைகளே நம்பாமல், பசியை மிகைப்படுத்துகிறீர்கள் என்ற நிலையும் அங்கே இருந்தது. சித்திரவதைக் கூடமான எஸ்-21 ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், வகுப்பறைகளைத் தடுத்துத்தான் சிறையாக்கினார்கள். கரும்பலகை போன்ற ஓர் ஆசிரியர் நின்ற இடம் அது.

அங்கே ஓர் ஆசிரியர் என்ன பேசுவார்? "உன் தாத்தா கொலைகாரர்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியுமா? சொல்லாமல் விட்டால் பாடம் பொய்யாகாதா? எனக்கு நேர்ந்ததும் இதுதான். இருபத்தெட்டு வயதில் தெரிந்தபோது தாத்தாவை வெறுக்கவும் முடியவில்லை, பழையபடி நேசிக்கவும் முடியவில்லை. யாராவது எனக்குப் பதினாறு வயதில் பக்குவமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது, நான் கேட்டது மறக்கும் உரிமையை இல்லை. முழுக் கதையைக் கேட்கும் உரிமையை.

---

பழந்தாள்:

எதிர்க்காற்று, இந்தத் திரியில் இதுவரை வந்ததில் எனக்கு முக்கியமானது உங்கள் கடைசி வரி.

நீங்கள் கேட்டதற்கு நான் கண்ட வழி, 'யார்' என்பதிலிருந்து 'எப்படி' என்பதற்குப் பேச்சை நகர்த்துவது. ஒரு கொடுமை நடக்க எத்தனை சாதாரண வேலைகள் தேவைப்பட்டன? பட்டியல் தட்டச்சு செய்தவர், ரயில் நேர அட்டவணை போட்டவர், பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டவர், ஜன்னலைச் சாத்திக்கொண்டவர். ஆணைத்தாளை முன்னால் வைத்து, கீழே இருக்கும் கையெழுத்துகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் "இவர் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்பேன். செய்தவரின் பேரனும் அந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் யோசிக்கலாம். சில நேரம் அவன்தான் நன்றாக யோசிப்பான்.

ஒரு எச்சரிக்கை. நடித்துக் காட்டும் பயிற்சி வேண்டவே வேண்டாம். ஒரு பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் கையில் பட்டை கட்டி, மீதிப் பேரைக் காவலர்களாக்கி, "அனுபவிக்க" வைத்தார்கள். காவலர் வேஷம் போட்டவர்கள் அதை ரசித்துவிட்டார்கள், அதுதான் மிச்சம். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலிலேயே இப்படிப்பட்ட நடிப்புப் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, தனக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

கரும்பலகை, உங்கள் வகுப்புக்கு ஏற்ற ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்தில் நாஜிக் கொடுமைக்கு ஆளான சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன. பழைய அட்டைகளைப் படம் பிடித்து இணையத்தில் வைத்து, அதில் இருக்கும் பெயர், பிறந்த நாள், கைதி எண் இவற்றைத் தட்டச்சு செய்து தரச் சொல்லி 2020ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எந்த நாட்டிலிருந்தும் செய்யலாம். ஒரே அட்டையைப் பலர் தனித்தனியாக உள்ளிடுவார்கள், ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். தவறு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

---

கரும்பலகை:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மின்மினி, உன் பதிவை வகுப்பில் அப்படியே படித்துக் காட்டினேன், தவறாக நினைக்காதே.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்குப் படத்தைப் போட்டுவிட்டு உங்களோடு பேசாமல் விட்டது என் தவறு" என்றேன். வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அட்டைகள். நான்கு வகுப்பு நேரம் எடுத்துக்கொண்டோம். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டுப் பேர் கடகடவென்று அடித்துவிட்டு யார் அதிகம் முடித்தது என்று போட்டி போட்டார்கள், அது எனக்கு உறுத்தியது. ஒரு மாணவி இரண்டாம் நாளே தன்னால் முடியவில்லை என்றாள். அவளை அதிலிருந்து விடுவித்து, முகாம்கள் இருந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலை கொடுத்தேன்.

"நாங்களா செஞ்சோம்?" என்று கேட்ட பெண் ஒரு அட்டையின் கீழ் மூலையில் இருந்த எழுத்தரின் சுருக்கக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவருக்கு எழுத்து எவ்வளவு அழகா இருக்கு மிஸ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேகமாகவும் எழுதலை. நிதானமா எழுதியிருக்கார்" என்றாள். எதிர்க்காற்று, உங்கள் நினைவு வந்தது. அவளிடம் நான் எதுவும் விளக்கவில்லை.

அன்று சிரித்த பையனுக்கு வந்த அட்டையில் இருந்தவனுக்கு, கைதான ஆண்டுக் கணக்குப்படி வயது பதினாறு. தொழில் என்ற இடத்தில் 'மாணவன்' என்று இருந்தது. பிழைத்தானா இல்லையா என்று அட்டையில் இல்லை. மணி அடித்தபிறகும் அவன் போகவில்லை. காப்பகத்தின் தேடுபெட்டியில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறான். வேறொரு முகாமின் பட்டியலில் அதே பிறந்த நாளோடு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. "ரெண்டும் ஒரே ஆளா மிஸ்?" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பழந்தாள் ஐயா, இதை யாரிடம் கேட்பது?

---

பழந்தாள்:

காப்பகத்துக்கே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் தளத்தில் விசாரணைப் படிவம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. இரண்டு ஆவண எண்களையும் பிறந்த நாளையும் எழுத்து எங்கே மாறுகிறது என்பதையும் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். வேறு மொழிக்காரர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர் மாறுவது அந்தப் பதிவேடுகளில் சாதாரணம். அதனால் அவன் சந்தேகத்தில் அர்த்தம் இருக்கிறது. பதில் வர மாதங்கள் ஆகலாம். கடிதத்தை அவனே அவன் பெயரில் எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.